தறி நிற்கும் நேரத்து மேடு

ஒலிபெருக்கி செட்டுகள் செய்த கோபாலகிருஷ்ணன் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார். அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்து இதை உறுதிப்படுத்தியவர் அவருடைய மாமனார், விசைத்தறி வைத்திருக்கும் சங்கரலிங்கம். "நேத்து ராத்திரிகூட கிராப் பேப்பர் வாங்கியாரச் சொன்னாரு தம்பி" என்றார்.

கோபாலை நான் முதலில் பார்த்தது அறுபதுகளில். சங்கரலிங்கம் அவருக்குத் தாய்மாமன். மாமாவின் தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில் சொந்தமாக ஓர் ஆம்பிளிஃபயர் செய்துகொண்டிருந்தார். அதில் ஒரே இடத்தில் ரெசிஸ்டரைச் சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொன்றாக மாற்றுவார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சத்தம் வெளியே வருகிறதென்று மீட்டரில் பார்த்து, கிராப் தாளில் புள்ளி வைப்பார். காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். "புள்ளியெல்லாம் சேந்தாத்தான்யா செட்டு பேசும்" என்பார்.

மாமா மகள் கமலாவைக் கட்ட அவருக்கு ஆசை. மாமா நிபந்தனை போட்டார்: "நிச்சயதார்த்தத்துல உன் செட்டு தெளிவாக் கேக்கணும் மாப்ளே. முனகுச்சு, பொண்ணு கிடையாது."

புள்ளிகளைச் சேர்த்த கோடு ஏறி, நடுவில் ஒரு மேடு கட்டி இறங்கியது. மேட்டுக்குரிய ரெசிஸ்டரைப் பூட்டினார். சாயங்காலம் செட்டு முனகியது. மறுநாள் தாமதமாகத் தொடங்கினார். மேடு இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ரெசிஸ்டர் விற்ற மதுரைக் கடைக்காரரைப் பொழுது சாயும்வரை திட்டினார்.

அடுத்த நாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கமலா தாள்களைப் பார்த்தார்.

"அத்தான், இந்த மேடு வந்தப்ப மணி என்ன?"

"நீ சோறு கொண்டாந்த நேரம்."

"அப்பத்தான் தறியெல்லாம் நிக்கும், செட்டுக்கு வர்ற கரண்டு ஏறும். நீங்க ரெசிஸ்டரை அளக்கல. எங்க ஆளுக சாப்பிடுறதை அளந்திருக்கீக."

கோபால் நேராக மாமாவிடம் போனார். "மாமா, ரெண்டு நாளைக்குத் தறியை நிறுத்துங்க."

"நிறுத்துறேன் மாப்ளே. உன் ரெசிஸ்டரு சோறு போடுமா?"

வேறு வழியில்லாமல் தறி ஓடும்போது மட்டும் அளந்தார். மேடு மறைந்தது. வேறொரு ரெசிஸ்டர் தேறியது.

நிச்சயதார்த்தத்தன்று மைக் பக்கத்தில் நின்ற மாமா என் காதோடு சொன்னது தெரு முழுக்கக் கேட்டது: "பய செட்டு நல்லாத்தான் கேக்குது. இனி பொண்ணைக் குடுக்காமத் தப்பிக்க முடியாது."

இன்று மதியம் போனேன். துக்கத்துக்காக மாமா தறிகளை நிறுத்தியிருந்தார். பக்கத்துக் கொட்டகைகளும் நின்றிருந்தன. வாசலில் அதே செட்டு. தறிகள் ஓடும்போது வரும் கரண்டுக்கென்று செய்தது, கரண்டு ஏறியதால் இன்று தெருவை அதிரவைத்தது. மாமா சத்தத்தைக் குறைக்கப் போனார். கமலா தடுத்தார்.

"இருக்கட்டும்ப்பா. அவுக கேட்டப்ப தறியை நிறுத்தல. இப்பத்தான நிறுத்தியிருக்கீக."

மதராஸிலிருந்து கோபாலின் தம்பி வர வேண்டியிருக்கிறது. நாளை மதியத்துக்குள் வந்துவிடுவார் என்கிறார்கள். அதன் பிறகே இறுதிப் பயணம். தறிகளும் அதன் பிறகுதான் ஓடும்.

போய் வாருங்கள், கோபால். நாளை மதியம் வரை மேடுதான்.