பந்தல் அவரை

எங்கள் கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் பின்னால், காம்பவுண்டு ஓரமாக ஒரு கட்டில் அகலத்துக்கு மண் இருந்தது. நான் ஐந்தாவது படித்த வருடம், ஆடியில் அம்மா அதில் கொத்தவரையும் காராமணியும் விதைத்தாள். வருடா வருடம் முதலில் போடுகிற பந்தல் அவரையை மட்டும் தொடவில்லை. வீட்டில் அதற்கு வெறித்தனமான ரசிகன் நான் ஒருவன்தான். கேட்டேன்.

"அது காய்க்க மார்கழி ஆயிடும்டா. இதுன்னா அம்பது நாள்ல வந்துடும்."

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, டப்பாவிலிருந்து நான்கு அவரை விதையை ஆட்டையைப் போட்டு மோட்டார் ஷெட் ஓரம் ஊன்றினேன். முளைத்ததும் பார்த்தாள். திட்டவில்லை. ஏறுவதற்கு ஒரு கயிறு கட்டிவிட்டாள்.

அப்போதெல்லாம் அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு ரெடி என்று சொல்லு, கேஸ் வந்துவிட்டது என்று சொல்லு. அந்தக் கொரியர் வேலையில் எனக்குச் செம பெருமை.

புரட்டாசியில் கடைசிக் கொத்தவரையைப் பறித்த அன்றே அம்மா செடிகளைப் பிடுங்கி, மண்ணைச் சமன்செய்து, காராமணிக்கு ஊன்றிய குச்சிகளைக் கட்டி மூலையில் சாய்த்தாள். மறுநாள் கேளம்பாக்கத்தில் மாமா வீட்டுக்குப் போனாள். பத்து நாள் என்றார்கள். பிறகு அதை யாரும் எண்ணவில்லை. ஞாயிறுதோறும் அப்பா என்னை பைக்கில் கொண்டுபோய்த் தெருமுனையிலேயே இறக்கிவிடுவார்.

மார்கழியில் அவரை ஷெட் கூரை முழுக்கக் காய்த்தது. ஒரு பை நிறையக் கொண்டுபோய், ஜெயித்த திமிரில் அம்மா முன்னால் கொட்டினேன்.

"பாத்தியா, வந்துடுச்சு. நீதாம்மா வெயிட் பண்ணல."

ஒரு காயை எடுத்து நார் உரித்தாள். "தண்ணி யாரு ஊத்துனா?"

"அப்பாதான். டெய்லி ஆபீஸ் போறதுக்கு முன்னாடி."

அந்த ஒரு காயையே வெகுநேரம் உரித்துக்கொண்டிருந்தாள். பொரியல் செய்து எனக்குப் போட்டாள். மிச்சத்தை ஒரு டப்பாவில் அடைத்து, அப்பாவிடம் கொடு என்றாள். இரவு அப்பா அதைச் சோறில்லாமல் வெறுமனே தின்று முடித்து, டப்பாவைத் தானே கழுவி வைத்தார்.

மேட்டர் முடிந்தது, பொங்கலுக்கு அம்மா வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி ஊன்றுவதற்காக, மூலையில் கிடந்த குச்சிகளை அவிழ்த்து வெயிலில் பரப்பினேன். ஆடியில் விதை டப்பாவைத் திறந்தபோதே, தான் இருக்கப்போகிற நாட்களுக்குள் காய்ப்பதை மட்டும் அவள் பொறுக்கி எடுத்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.