நீங்க சுத்திட்டு வாங்க

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், பூட்டான் நாட்டில் புனாக்கா என்கிற பள்ளத்தாக்கில் நடந்தது இது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவளுக்குப் பூட்டானில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சுற்றுலாதான். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புத்த மடாலயத்தை செல்போன் வீடியோவில் பார்த்ததிலிருந்து, இதை நேரில் பார்க்காமல் சாகமாட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மலை எனக்குப் புதிதல்ல. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்வராயன் மலைக்காரர்கள். புது விதை வந்தால் அதைக் காட்ட வெள்ளிமலை வரைக்கும் நானே ஸ்கூட்டரில் போய் வருவேன். ஆனால் பனி மூடிய மலையைப் பார்த்ததில்லை.

அந்த வருடம் கல்யாண நாளன்று என் கணவர் பூட்டான் டிக்கெட்டை நீட்டினார். கடையை விட்டு நாலு நாள் நகராத மனுஷன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வடக்கனந்தலில் இருக்கும் என் நாத்தனாரும் கூட வருகிறார் என்றபோது மட்டும் லேசாக உறுத்தியது. அவர் என் கணவருக்கு மூத்தவர். தம்பி என்றால் உயிர். என்னிடமும் பாசமாகத்தான் இருப்பார், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். என்னிடம் ஒரு குறையும் இல்லை. குறை அவரிடம். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகவே சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வீட்டில் யாருக்கும் தெரியவேண்டாம், அம்மா தாங்கமாட்டார் என்றார். சரி என்று தலையாட்டினேன். என்னைப் பெற்றவளிடம்கூட மூச்சு விடவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். ம்ஹூம்.

ஆக, பதினாறு வருடமாக ஊர் வாயில் விழுந்தது நான். மண்சோறு சாப்பிட்டேன். தொட்டில் கட்டினேன். ஈரப் புடவையோடு பிரகாரத்தில் உருண்டேன். இந்தப் பெண்ணுக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஆளாளுக்கு ஒரு லேகியம் கொடுத்தார்கள். அதையும் விழுங்கித் தொலைத்தேன். "ஊருக்கே உரம் விக்கிறா, அவ வூட்ல ஒண்ணும் மொளைக்கல" என்று கடை வாசலிலேயே நின்று ஒருத்தி சொல்லிச் சிரித்தாள். என் கணவர் பக்கத்தில்தான் இருந்தார். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாற்பதைத் தொட்டபோது நான் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் ஒரு கோயில், ஒரு டாக்டர், ஒரு லேகியம் கிடையாது, என்னை விட்டுவிடுங்கள் என்று. அவரும் என் கையில் அடித்து சத்தியம் செய்தார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பூட்டானுக்கு வருகிறேன். எங்கள் குழுவில் எல்லாரும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்கள். கூடவே ஒரு சமையல்காரர், ஒரு மூட்டை பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல். புடவைக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவுமாக, மடாலயம் மடாலயமாக இறங்கி ஏறினோம். உருட்டுகிற பிரார்த்தனை உருளைகளில் ஒன்றைக்கூட விடாமல் உருட்டினோம். பள்ளத்தாக்கைப் பார்த்த இடத்திலெல்லாம் பின்சீட்டு அம்மா ஒருவர் "நம்ம கல்வராயன் மலை மாதிரியே கீதே" என்பார். கல்வராயன் அடிவாரத்துக் கோமுகி அணையையே எட்டிப் பார்க்காத அம்மா அவர். எனக்குச் சிரிப்பாக வரும். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

புனாக்காவுக்கு வந்த அன்று பஸ் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான், ஆனாலும் சொல்கிறேன். அங்கே வீட்டுச் சுவர்களில், வாசலுக்கு இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு ஆண்குறி வரைந்திருக்கிறார்கள். ரிப்பன் வேறு கட்டி! நாம் திருஷ்டிப் பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டுகிறோமே, அவர்களுக்கு இது அப்படி. எங்கள் பஸ்ஸில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு விரல் சந்தில் பார்த்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்போது டூர் மேனேஜர் மைக்கை எடுத்தார். இந்த ஊர்க் கோயில் பிள்ளை வரம் தருகிற கோயில், உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள் என்றார். அதோடு விட்டாரா? "நம்ம பஸ்லயும் ஒரு சிஸ்டர் அதுக்காவத்தான் வந்துகினு இருக்காங்க. எல்லாரும் அவங்களுக்காக வேண்டிக்கங்க" என்று என் சீட்டைக் கையால் காட்டினார்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக இந்த ஒரு தபா, வேற எதுவும் கேக்கமாட்டேன் என்று கண் கலங்கினார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண நாள் பரிசு எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். நாற்றங்காலில் நுனியெல்லாம் மஞ்சள் பாரித்திருந்தது. அந்த விவசாயி நம் கடைக்கு வந்திருந்தால் துத்தநாகச் சத்து போடச் சொல்லியிருப்பேன் என்று அந்தக் கோபத்திலும் நினைத்தேன், தொழில் புத்தி. என் கணவர் பின்னாலேயே வந்து, "கோவிச்சுக்காத, அக்கா ரொம்ப ஆசப்பட்டுச்சு" என்றார்.

"சத்தியம் பண்ணீங்களே?" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி முன்னால் நடந்தார்.

சின்ன மேட்டில் சின்னக் கோயில். உள்ளே ஒரு பிக்கு, வந்தவர்கள் தலையில் எல்லாம் மரத்தில் செய்த ஒரு குறியால் தொட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார். பிள்ளை வரம் கேட்கிறவர்களுக்கு மட்டும் தனி வழிபாடு. பெரிய மரக்குறி ஒன்றைப் பட்டுத் துணியோடு கையில் தருவார்கள். அதைக் குழந்தையைப்போல மார்பில் அணைத்துக்கொண்டு கோயிலை மூன்று முறை சுற்றவேண்டும். அந்த மக்கள் அதை எவ்வளவு பயபக்தியோடு செய்கிறார்கள் என்று என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் எங்கள் பஸ் மேல்தான். அதற்குள் பஸ் முழுக்க வாசலில் வரிசை கட்டி நின்றுகொண்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

பிக்கு நீட்டினார். கையில் வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது. நாத்தனார் என் முதுகில் தட்டி, "சுத்தும்மா, மனசார வேண்டிகினு சுத்து" என்றார். என் கணவர் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அந்தக் கைகூப்பலைப் பார்த்ததும் எனக்குள் என்ன வந்ததோ தெரியாது. அவர் பக்கம் திரும்பி நீட்டினேன்.

"இந்தாங்க. நீங்க சுத்திட்டு வாங்க."

நாத்தனார்தான் முதலில் பதறினார். "ஐயோ, இன்னாம்மா இது! பொம்பள சுத்தறதை ஆம்பள கையில குடுக்கறே!"

"யாருக்குத் தேவையோ அவங்க சுத்தட்டும் அண்ணி" என்றேன்.

மேனேஜர் ஓடி வந்து, சாமி விஷயத்தில் விளையாடக்கூடாது என்றார். நான் விளையாடவில்லை சார் என்றேன். கை நீட்டியபடியே இருக்கிறது. என் கணவர் வாங்கவில்லை. முகம் வெளுத்துப்போய், கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார். பொய் சொல்லமாட்டேன், எனக்கு மனசு இளகியது. சும்மா தமாஷ் பண்ணேன் என்று சிரித்துவிட்டு நானே சுற்றியிருக்கலாம். எத்தனை கோயில் சுற்றியவள், இதுவா பெரிசு? ஆனால் இன்றைக்குக் கையை மடக்கினால் சாகிற வரைக்கும் மடக்கவேண்டியதுதான் என்று தோன்றியது. மடக்கவில்லை.

பிக்கு எங்கள் பஸ்ஸோடு வந்த உள்ளூர் கைடு பையனிடம் ஏதோ கேட்டார். அவனும் சொன்னான். அவர் சிரித்துவிட்டு இரண்டு வார்த்தை சொன்னார். புருஷன் சுமந்தாலும் தப்பில்லையாம். சாமிக்குப் பிரச்சினை இல்லை, எங்கள் பஸ்ஸுக்குத்தான் பிரச்சினை.

என் கணவர் வாங்கிக்கொண்டார். மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்ச் சுற்ற ஆரம்பித்தார். நாத்தனார் பின்னாலேயே ஓடினார். "டேய் தம்பி, மானம் போவுதுடா, அவகிட்ட குட்றா!" முதல் சுற்று முழுக்க அவர் தலை நிமிரவில்லை. இரண்டாவது சுற்றில் அக்கா முன்னால் நின்றார்.

"கொறை எனக்குத்தான்க்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. நான்தான் அவள வாயத் தொறக்க வேணாம்னு சொன்னேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மேட்டில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை, எல்லார் காதிலும் விழுந்தது. செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நாத்தனார் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். என் கணவர் மூன்றாவது சுற்றையும் முடித்துவிட்டு, பிக்குவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். அழுதேன், ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் வருத்தத்தில் இல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண்மணி நியாயம் பேச வந்தார். என்ன இருந்தாலும் நாலு பேர் முன்னால் புருஷனை இப்படிச் செய்யலாமா என்று. "பதினாறு வருசமா என்னிய நாலு பேரு முன்னாடிதான் பேசினாங்க. அப்பல்லாம் யாரும் நாயம் கேக்க வரலியே" என்றேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு அவர் வேறு பந்திக்குப் போய்விட்டார். நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றார். உங்கள் தம்பி சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டேன். என் மடியில் கையை வைத்தார், பஸ் நிற்கிற வரைக்கும் எடுக்கவில்லை.

நான் ஆசைப்பட்ட பாறை மடாலயத்துக்குக் கடைசி நாள் ஏறினோம். நாத்தனாருக்கு முழங்கால் வலி, கீழேயே இருந்துவிட்டார். பாதி வழியில் என் கணவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டார். கேட்டது போதும், எழுந்து நடங்க, மேகம் மூடுவதற்குள் பார்க்கவேண்டும் என்றேன். பார்த்தோம். வீடியோவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே சேதி கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. வெளிநாட்டுக்குக் கூட்டிப்போன புருஷனின் மானத்தை வாங்கியவள் என்று சொந்தத்தில் இன்னமும் என்னைச் சொல்கிறார்கள். சில வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பே வருவதில்லை. வராவிட்டால் போகிறது. மொய்யாவது மிச்சம்.

போன ஆடியில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் முதல்முறையாகக் கடைக்கு வந்தாள். மக்காச்சோள விதையைப் பார்த்துக்கொண்டே, எல்லாரும் கேட்கிற மாதிரி, "உங்களுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தராசுப் பக்கத்திலிருந்து சொன்னார். "எங்களுக்கு இல்லம்மா. கொறை எனக்கு."

அந்தப் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பிடியா" என்றாள். அப்புறம், "இந்த வெத மானாவாரிக்குத் தாங்குமா?" என்று கேட்டாள். தாங்கும் என்று சொல்லி அவர் மூட்டையைப் பிரித்துக் காட்டினார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை, வியாபாரமும் கெடவில்லை. இந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதானா என்னை இத்தனை வருடம் மண்ணில் உருளவிட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் புனாக்காவில் நீட்டிய கையை நான் மடக்காமல் இருந்ததால்தான் அந்தப் பதிலை என் காதால் கேட்கக் கிடைத்தது, அதனால் யார் என்ன சொன்னாலும் அந்த நாளுக்காக ஒருநாளும் வருத்தப்படமாட்டேன்.