இலை வாடிய மாடியில் ஒரு மழைக்காலம்

ஒரு மழைக்காலம் முழுவதும் நாங்கள் பணக்காரர்களுக்காகக் கட்டிய வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். மூன்று பேருக்குக் கல்யாண மண்டபம் போல ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாக உயர்ந்த ஜன்னல்கள். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட பலகைத் தரை. எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் சமையலறை இருந்த அளவுக்கு இங்கே குளியலறை இருந்தது. இத்தனைக்கும் நடுவில் எங்களுக்குச் சொந்தமானவை மூன்று பாய்களும் கொஞ்சம் துணிமணியும்தான். சோபாவில் உட்காரக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது, அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. விற்கும் வரைக்கும் வீடு புதுசாகவே இருக்க வேண்டும் என்பது முதலாளி மகனின் உத்தரவு.

அது குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்தில் கல்லால் கட்டிய ஒரு தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி. தோட்டங்களிலிருந்து வரும் பச்சை இலையை அங்கேதான் பரப்பி வாட்டுவார்கள். ஃபேக்டரிக்காரர்கள் அதை லாஃப்ட் என்று சொல்வார்கள். அப்பாதான் லாஃப்டுக்குப் பொறுப்பு. ஒரு பிடி இலையை அள்ளிக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ‘எறக்கலாம்’ என்பார். அவர் சொன்ன பிறகுதான் இலை கீழே அரவைக்குப் போகும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருடைய சட்டையில் அந்த இலை வாசம் இருந்தது. கொஞ்சம் பழுத்த பேரிக்காயின் வாசம் அது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் புலம்பினார்கள். எமரால்டு என்ற ஊர்ப் பக்கம் சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். இலை லாரிகள் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் வராமலே போயின. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த முதலாளி மகன் மெஷின்களை விற்றார். கல்சுவரைக் கழுவினார், உத்தரத்துக்கு வார்னிஷ் அடித்தார். எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கினார். வீடு விற்கிற வரைக்கும் மேலேயே இருந்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும்படி அப்பாவிடம் சொன்னார். பேப்பரில் விளம்பரம் வந்தது. பாரம்பரியக் கட்டடத்தில் சொகுசு லாஃப்ட். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

“லாஃப்டுங்கற பேர மாத்துல பாத்தியா அம்முணி” என்றார் என்னிடம். அவருக்கு அது ஏதோ தனக்குச் செய்த மரியாதை மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்திருந்தது. கல்லூரி விட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் மேகம் வரும். ஒரு பக்க ஜன்னலில் நுழைந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகப் போகும். எங்களுக்கு மறுக்கப்பட்ட சோபாவில் அது மட்டும் உரிமையோடு உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் அம்மா பேசினால் குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. நான் ஜன்னல் திண்டில் புத்தகத்தை விரித்தபடி, படிக்காமல், இந்த வீடு எங்களுடையதுதான் என்று நினைத்துக்கொள்வேன். வீடு விற்கக் கூடாது என்பதுதான் அப்போது என்னுடைய பிரார்த்தனை.

அம்மாவின் பிரார்த்தனை நேர் எதிர். அவளுக்கு இளைப்பு. மழை பிடித்துவிட்டால் போதும், நெஞ்சு விசில் அடிக்கும். மேலே அடுப்பைத் தொடக் கூடாது என்பதால் கீழே பழைய பாய்லர் ஷெட்டில் சமைத்து, குழம்புச் சட்டியோடு படியேறி, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் ஓடிப்போய்ச் சட்டியை வாங்கினால், கையை விரித்துப் ‘பொறு’ என்று சைகை காட்டுவாள். பேசுவதற்கு மூச்சு இருக்காது. இந்தக் குளிர் இனி ஆகாது, மலையை விட்டுக் கீழே போய்விடுங்கள் என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்த மாமா, அப்பாவைக் கடைக்கு வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா பிடி கொடுக்கவில்லை. “தேயில வெல எறங்கும், ஏறும். நாம பாக்காததா?” என்பார். “சோபாவத் தூக்கி வெளிய போட்டா எலையப் பரப்ப எத்தன நேரம் ஆகும்?” என்பார். இன்னொரு முறை அம்மா இருமி இருமிச் சுருண்டு படுத்தபோதுதான் ஒரு வாக்குக் கொடுத்தார். “இந்த ஊடு வித்துப்போச்சுன்னா நம்ம வேல முடிஞ்சுது. அப்பறம் போயிரலாம்.”

அம்மா அந்த வாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். தினமும் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தாள். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் காலையிலேயே குளித்துவிட்டுச் சாமி படத்தின் முன் நிற்பாள். வந்தவர்கள் ‘ரொம்ப ஈரமா இருக்கு’ என்றோ, ‘பள்ளிக்கூடம் தூரமா’ என்றோ கேட்டுவிட்டுப் போனால், அன்றைக்குச் சாப்பிடமாட்டாள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவருக்கு வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்து வருகிறேன், அவளுக்கும் பிடித்துவிட்டால் அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிப் போனார். அம்மா அந்த வாரம் முழுவதும் இருமலைக்கூட விழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பளிச்சென்ற வெயில், நல்ல காற்று. அப்பா விடிந்ததும், இலை வாட்டுகிற நாள் போல, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார். அன்று அவர் முகத்தில் ஒரு களை இருந்தது. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு தனக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கோயமுத்தூர்க்காரர் முதலில் மேலே வந்துவிட்டார். வந்ததும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். பின்னால் அவருடைய மனைவி படியேறி வந்தார். பட்டுப் புடவை. நல்ல காரியத்துக்கு என்று வந்தவர் அல்லவா, தலை நிறைய மல்லிகை. படி முடிகிற இடத்தில் வரவேற்க நின்ற அப்பா, வாசலை மறைப்பது போலக் கையை நீட்டினார்.

“அம்மா, பூவ மட்டும் வெளிய வெச்சுட்டு வந்துருங்க.”

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. “என்னங்க?”

“தலைல வெச்சிருக்கற பூவுங்க. உள்ளார ஆகாதுங்க” என்று சொல்லி, பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

ஃபேக்டரி ஓடிய காலத்தில் அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எந்த வாசம் பக்கத்தில் இருந்தாலும் தேயிலை அதை இழுத்துக்கொள்ளும். பூ, வாசனை எண்ணெய், வெங்காயம், பீடி எதுவும் லாஃப்டுக்குள் போகக் கூடாது. வேலைக்கு வரும் பெண்கள் அந்தச் சுவரில் இருந்த ஆணிகளில் பூவை மாட்டிவிட்டு உள்ளே போவார்கள், திரும்பும்போது எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது அந்தச் சுவரில் ஆணி இல்லை. வழுவழுவென்று வெள்ளை அடித்திருந்தது. அதன் முன்னால், புது வீடு பார்க்க வந்த ஒரு சுமங்கலியிடம், தலைப்பூவை எடுத்துவிட்டு வா என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கை தானாகப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது. கத்தவில்லை, சண்டை போடவில்லை. “ஏனுங்க, வாங்க போலாம்” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கினார். கணவர் எதுவும் புரியாமல் எங்களைப் பார்த்தார், பிறகு மனைவியின் பின்னால் ஓடினார். நான் பாதிப் படி வரைக்கும் போய் என்னவோ சொல்ல முயன்றேன். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“போறதுக்கு மனசில்லீன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். “அதுக்காக ஒரு பொம்பள தலைப்பூவயா எடுக்கச் சொல்லுவீங்க?”

“வேணும்னு சொல்லுல” என்றார் அப்பா. “படியேறி வர்றப்பவே மல்லி வாசம் தூக்குச்சு. உள்ள எலை கெடக்குதே, புடிச்சுக்குமேன்னு…”

அப்பா திரும்பினார். கூடத்தைப் பார்த்தார். கண்ணாடி மேசை, விரிப்பு கலையாத கட்டில், மூலையில் சுருட்டி வைத்த எங்கள் பாய்கள். ஒவ்வொன்றையும் இப்போதுதான் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே அவர் கண்ணுக்கு அங்கே இலை இருந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கோபம் போய், அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

வெயில் மங்கி மேகம் உள்ளே வந்தது. யாரும் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை. இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போனார்கள். அம்மாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அதையே கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் குரல் வந்தது.

“உன்ற அண்ணனுக்கு ஃபோன் போடு. ஊடு வித்தாலும் விக்காட்டியும் அடுத்த வாரம் வந்தர்றோம்னு சொல்லிப்போடு.”

“நெசமாலுமுங்களா?”

“நெசமாத்தான். கடைல எந்த வேல குடுத்தாலும் பாக்கறேன். மூட்ட தூக்கச் சொன்னாலும் தூக்கறேன். டீத்தூள் நிறுக்கற எடத்துல மட்டும் என்னைய நிக்க வெக்க வேண்டாம்னு சொல்லு.”

அம்மா எழுந்து ஃபோன் இருந்த பக்கம் போனாள். மாமா எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை, நாங்கள் வருவதையும் சொல்லவில்லை. முதலில் அந்த டீத்தூள் விஷயத்தைத்தான் சொன்னாள்.