வடக்கனந்தல் பஸ்ஸில் பார்த்த தொடர்

இன்று மதியம் கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகிற பஸ்ஸில், போனில் ஒரு நகைச்சுவைத் தொடர் பார்த்துக்கொண்டு வந்தேன். விவாகரத்தான இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் கதை.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிக்கவில்லை.

“எம் பொண்ணும் இதத்தான் பாத்துக்கினு இருந்தாம்மா,” என்றார். “புருசன வுட்டுட்டு, கொழந்தையத் தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்துட்டா. அவ சிநேகிதி ஒருத்தியும் அதேமாரிதான். ரெண்டு பேரும் இப்பிடி வூடு எடுத்துக்கினு இருக்கறோம்னு சொன்னா. இதெல்லாம் குடும்பத்துக்கு ஆவாதுன்னு அவுங்கப்பா போனப் புடுங்கி வெச்சிக்கினாரு.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“காலைலதான் அவ புருசன் வூட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வரன்.”

“அடிப்பாரா?”

“குடிச்சாதான் அடிப்பான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “தெனமும் குடிக்கிறான்.”

இறங்கும் முன் டிக்கெட்டின் பின்னால் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். உங்கள் மகளை எந்த நேரமானாலும் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். “போனு அவுங்கப்பாகிட்டதான இருக்குது,” என்றார்.

இந்தத் தொடரைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று இந்தக் குழுவில் உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கெட்ட வார்த்தை இல்லை, குடி இல்லை, யாரும் யாரையும் அடிப்பதும் இல்லை.

எந்தக் குடும்பத்தோடு என்று மட்டும் சொல்லுங்கள்.