அத்தானுக்கு எதிராக ஒரு சீட்டு

தோற்பதுகூட எனக்குப் பெரிய விஷயமில்லை. தோற்கிறவனிடம் யாரும் பேச மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானின் விசைத்தறிக் கூடத்தில் தறி ஓடாது. அங்கேதான் நாங்கள் நாலு பேர் ஒரு விளையாட்டு ஆடுவோம். பலகை முழுக்க ஒரு வரைபடம், ஆளுக்கொரு ராஜ்யம். பகடை கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பத்து நிமிஷம் இரண்டிரண்டு பேராக வெளியே போய் ரகசியம் பேசலாம். பிறகு அவரவர் படை எங்கே போகிறது என்று சீட்டில் எழுதி, நாலையும் ஒன்றாகப் பிரிப்போம். வெளியே கொடுத்த வாக்கைச் சீட்டில் காப்பாற்ற வேண்டும் என்று விதியெல்லாம் இல்லை.

எங்கள் வீட்டில் அக்கா மாப்பிள்ளையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. அந்த மரியாதையைப் பலகைக்கும் கொண்டுவந்தது என் முட்டாள்தனம். மூன்று வருஷமாக அத்தான் எல்லைக்குள் ஒரு படையைக்கூட நான் நகர்த்தியதில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அதனால் நூல் கடைக்காரரும், சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வரும் வாத்தியாரும் என்னைத் தாண்டி நேரே அத்தானிடம் போவார்கள். "பலகையப் பாத்துக்கிடும் வே, காத்துல காய் நவுந்துரப் போவுது" என்று எனக்கு ஒரு வேலை வேறு.

ஒரு ஞாயிறு அத்தானே என் இரண்டு துறைமுகங்களில் ஒன்றுக்குள் படையை விட்டார். "வெளையாட்டுதான மாப்ள" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சம் இரண்டு படை. ஏதோ வேலை இருக்கிறது என்று வழக்கம்போலக் கிளம்பிவிடலாமென்று பைக் சாவியை எடுத்துவிட்டேன். அப்போதுதான் பலகையை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தானும் வாத்தியாரும் சமபலத்தில் நின்றார்கள். என் இரண்டு படையை வைத்து நான் ஜெயிக்க முடியாது. யார் ஜெயிக்கக் கூடாது என்று முடிவு செய்யலாம்.

வாத்தியாரை நானே வெளியே கூப்பிட்டேன். "என் ரெண்டு படையும் ஒமக்கு. மிச்சமிருக்க ஒரு துறைமுகத்த மட்டும் எனக்கு விட்டுரும்."

"ஒம்ம அத்தானுக்கு எதிரா நீரு சீட்டு எழுதுவீரா? சும்மா இரும் வே."

எழுதினேன். அத்தான் என் சீட்டைப் பிரித்து இரண்டு தடவை படித்தார். வந்த டீயைத் தொடவில்லை. கடைசியில் வாத்தியார் ஜெயித்தார். நான் ஒற்றைத் துறைமுகத்தோடு மூன்றாவதாக வந்தேன். சாயங்காலம் அக்கா போனில், "ஏலே, அத்தான என்னல செஞ்ச? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காவ" என்றாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையை விரித்ததும் மூன்று பேரும் எழுந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் காய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் பக்கம் யாரோ செருமினார்கள்.

அத்தான்தான். "மாப்ள, ஒரு நிமிசம் வெளிய வாரியா? பேசணும்" என்றார்.

மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பேசக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.