ஸ்ரீரங்கம் பஸ் போகும் வழி

பாலக்கரை சர்ஃபராஸுக்குப் பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் நினைவிருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து காவிரியைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். கண்டக்டர் தட்டி எழுப்பினால்தான் உண்டு. இந்த ஆள் அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் ஆகி, சம்பளத்துக்கு ஆடினான் என்றால் யார் நம்புவார்கள்? காலால் உதைக்காதது என்னடா ஃபுட்பால் என்று தெருவே கேலி செய்தது.

குவார்ட்டர்பேக்கின் வேலை பந்தை எறிவது. கூட்டாளி இப்போது நிற்கிற இடத்துக்கு அல்ல, அவன் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு. பகல்கனவு காண்கிறவனுக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா, சொல்லுங்கள். பந்து கையை விட்டதும் அவனுக்கு மைதானத்தின் சத்தமெல்லாம் அடங்கிவிடும். எதிரே ஊர் விரியும். கடைத்தெருவும் ஆறும் வெயிலில் மிதக்கும்.

யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்குக் கோச் கொடுத்த நம்பர்கள் அவன் மண்டையில் ஏறவே இல்லை. பஸ் ரூட்டுகளையே பெயராக வைத்துக்கொண்டான். 'ஜங்ஷன்' என்று கத்தினால் கொஞ்சம் ஓடி இடப்பக்கம் வளைய வேண்டும். 'ஸ்ரீரங்கம்' என்றால் பாலத்தில் ஏறுகிற மாதிரி கடைசிவரை நேரே. அதைக் கேட்டதும் பந்தைப் பிடிக்கிற வையம்பட்டி அருள்ராஜ் பறப்பான். வெளியூர் அணிகளுக்கு ஒரு எழவும் புரியாது. இதை வைத்தே திருச்சி அணியில் சர்ஃபராஸின் வண்டி வருஷக்கணக்கில் ஓடியது.

பெங்களூரில் நடந்த ஆட்டத்தில்தான் மாட்டிக்கொண்டான். எதிரே ஹைதராபாத் அணியில் தாஹா நின்றான். ஒரே தெரு, ஒரே ஸ்கூல். சின்ன வயதிலேயே துபாய்க்கு வேலைக்குப் போய், அங்கே ஆட்டம் கற்று, அந்த வருஷம் நேராக ஹைதராபாத்தில் வந்து இறங்கியவன். ஊர்ப்பக்கம் வந்தே பல வருஷம். கட்டிப்பிடித்த சந்தோஷத்தில் சர்ஃபராஸ் எல்லாவற்றையும் மறந்துபோய், 'ஸ்ரீரங்கம்' என்று வாய் நிறையக் கத்தினான். பந்து போய் இறங்கிய இடத்தில் தாஹா சிரித்துக்கொண்டு நின்றான். அடுத்து 'ஜங்ஷன்'. அங்கேயும் அவனே.

கோச் கூப்பிட்டு, இன்னொரு பந்து பறிபோனால் உனக்குப் பதில் சுரேஷ்குமார் இறங்குவான், அடுத்த வருஷத்துக்கு நீ வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். முப்பதைத் தாண்டியவனை வேறு யார் எடுப்பார்கள்? இந்த ஆட்டத்தை விட்டால் அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

கடைசி வாய்ப்புக்குக் கூடி நின்றபோது அருள்ராஜின் காதில் சொன்னான்: "ஸ்ரீரங்கம்னுதான் கத்துவேன். இப்ப பஸ் எப்படிப் போகுதோ அப்படிப் போ."

காவிரிப் பாலத்தை ரிப்பேருக்காக மூடியிருந்த மாதங்கள் அவை. பஸ்களெல்லாம் வலப்பக்கம் திரும்பி ஓயாமரி வழியாகச் சுற்றித்தான் ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தன.

கத்தினான். தாஹா நேரே பாய்ந்தான். அருள்ராஜ் பாதியிலேயே வலப்பக்கம் ஒடித்துத் திரும்பினான். பந்து சுழன்றுகொண்டே மேலே போனது. ஆளில்லாத மூலையில் அருள்ராஜ் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

ஜெயித்தாயிற்று. அடுத்த வருஷமும் நீதான் என்று கோச் தோளில் தட்டிவிட்டுப் போனார். தாஹா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"ஸ்ரீரங்கம்னுதானேடா கத்துன? அவன் ஏன் ரைட்ல திரும்புனான்?"

"பாலத்தை மூடிட்டாங்கடா. பஸ்ஸெல்லாம் ஓயாமரி வழியா சுத்திப் போகுது."

நன்றாக ஏமாற்றிவிட்டாய் என்று முதுகில் ஒன்று வைப்பான் என்றுதான் சர்ஃபராஸ் எதிர்பார்த்தான். தாஹாவின் முகம் விழுந்துவிட்டது.

"தினம் அம்மாகிட்ட பேசுறேன். யாருமே சொல்லலையேடா."

சர்ஃபராஸுக்கு ஜெயித்ததே தப்போ என்றிருந்தது. தாஹா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"வேற என்னல்லாம் மாறியிருக்கு, சொல்லு."

சர்ஃபராஸும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் தெருவிலிருந்து தொடங்கினான்.