ரங்கசாமி கீழே விழவில்லை

ஆஸ்பத்திரியிலிருந்து ரங்கசாமியின் மச்சான் கூப்பிட்டபோது துடியலூர் பேக்கரியில் டீக்குச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். “மாமா போயிட்டாருங்க” என்றான். “அவரு கீழ உழுகவே இல்லையே தம்பி!” என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

கூரைத் தகடு வேலைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆளைக் கூடையில் வைத்து உயரே தூக்கும் பூம் லிப்டை ஓட்டியவர். உடம்பைக் கூடையோடு பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டாமல் கூடையை ஓர் அங்குலம்கூட நகர்த்த மாட்டார். கேலி செய்தால், “நானெல்லாம் பயந்தாங்கொள்ளிங்ணா. அதனாலதான் சாயங்காலம் ஊட்டுக்குப் போறேன்” என்பார்.

பல்லடத்தில் ஒரு கோழித்தீவன ஆலைக்குக் கூரை போட்டோம். ஆடிக்காற்று, தகட்டைப் பிடித்தால் ஆளையே இழுத்தது. மேஸ்திரி எவ்வளவு விரட்டியும் இவர் லிப்டை எடுக்கவில்லை. “காத்து நின்னாப் போடலாமுங்க. இல்லீன்னா நீங்க ஏறிப் போடுங்க” என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அன்று யாருமே ஏறவில்லை.

அவருடைய கடைசி வேலை ஒரு கிடங்கில். அன்று காற்றே இல்லை. குழாய் பதித்து, மண்ணைத் தள்ளி மூடியிருந்த பள்ளத்தில் லிப்டின் சக்கரம் திடீரென்று இறங்கியது. கூடை குலுங்கிய வேகத்தில் ரங்கசாமி கம்பியைத் தாண்டி வெளியே போனார். பெல்ட் பிடித்துக்கொண்டது. பிழைத்துவிட்டார் என்று கீழே நாங்கள் கைதட்டினோம், பாவிகள்.

கூடையைக் கீழிருந்தே இறக்க இயந்திரத்தின் அடியில் ஒரு விசைப்பெட்டி உண்டு. அது பூட்டியிருந்தது. சாவியோடு சூப்பர்வைசர் வேறு இடத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. “ஏனுங்ணா, வெரசா எறக்குங்க. தொடையெ அறுக்குது, காலு மரத்துப்போச்சு” என்றார் மேலிருந்து. கடப்பாரையால் பூட்டை உடைத்தேன். உள்ளே எந்த விசை எதற்கென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாற்றி மாற்றி அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. “ரங்கு, பேசிட்டே இருங்க” என்று கத்தினேன். பதில் வரவில்லை. தலை தொங்கிவிட்டது. பக்கத்து வேலையிடத்து கிரேன் ஓட்டுநர் ஓடிவந்து, சரியான விசையை அழுத்தி இறக்கியபோது மூச்சு மட்டும் இருந்தது.

வெகுநேரம் தொங்கியதில் கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பவில்லை என்றார் மருத்துவர்.

“பெல்ட்டு போட்டிருந்தாருங்களா?” என்று ரங்கசாமியின் மனைவி என்னிடம் கேட்டார்.

“போட்டிருந்தாரு அம்மணி.”

“அப்பறம் எப்படிங்க?”

அந்தக் கேள்விதான் என்னிடம் தங்கிவிட்டது. கூடவே, வெரசா இறக்கச் சொன்ன அந்தக் குரலும்.

அந்த கிரேன் ஓட்டுநரிடம் போய் விசைகளைக் கற்றுக்கொண்டேன், ரங்கசாமி இனி திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே. புது வேலையிடத்தில், “மேல மாட்டிக்கிட்டா என்னெய எறக்கறது யாருங்க?” என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் ஏறவில்லை. என் இடத்தில் வேறொருவரை ஏற்றினார்கள். அவர் வேலை முடிக்கும்வரை விசைப்பெட்டியில் கைவைத்து, அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். அவர் தரையில் கால் வைத்த பிறகுதான் பெட்டியிலிருந்து கையை எடுத்தேன்.